சொந்தக்காரர் இல்லாத எஞ்சின்

மோட்டார் கார் செய்கிற கம்பெனியைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கதை எழுதுகிறவன் எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் ஒரு புத்தகத்தில் 'நான்' என்று பேசுகிறவன் யார், எதைச் சொல்கிறான், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறான் என்று கவனிப்பது என் தொழில். இந்தப் புத்தகத்தில் அதற்கு நிறையவே இடம் இருக்கிறது.

புத்தகத்தின் பெயர் 'ஆன் எ க்ளியர் டே யூ கேன் ஸீ ஜெனரல் மோட்டார்ஸ்'. 1979-இல் வெளிவந்தது. அட்டை கிழிந்த பிரதி ஒன்று நடைபாதைக் கடையில் எனக்கு முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. எழுதியவர் ஜே. பாட்ரிக் ரைட் என்ற பத்திரிகைக்காரர். டெட்ராய்ட் நகரத்தில் 'பிஸினஸ் வீக்' பத்திரிகைக்கு நிருபராக இருந்தவர். ஆனால் புத்தகம் முழுவதும் 'நான்' என்று பேசுகிறவர் அவர் அல்ல, ஜான் டெலோரியன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் பாண்டியாக் பிரிவுக்கும், 1969 முதல் ஷெவர்லே பிரிவுக்கும் தலைவராக இருந்து, இன்னும் மேலே போய், 1973-இல் உத்தியோகத்தை உதறிவிட்டு வெளியே வந்தவர். அவர் சொல்ல, ரைட் எழுதினார். எழுதி முடிந்த பிறகு டெலோரியன் பின்வாங்கிவிட்டார். தாம் புதிதாகத் தொடங்க இருந்த கார் கம்பெனிக்குப் பழைய எஜமானர்களால் தொந்தரவு வருமே என்ற பயம். கையெழுத்துப் பிரதி சில வருஷங்கள் தூங்கிற்று. கடைசியில் ரைட் தம் சொந்தப் பொறுப்பில், சொந்தச் செலவில் அச்சிட்டுவிட்டார்.

ஆகவே, சொன்னவர் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய புத்தகம் இது. எழுதியவரோ இன்னொருவர் குரலில் எழுதியது. இந்த அமைப்பை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு எஞ்சினைப் பற்றியது. அந்த எஞ்சினுக்கும் இதே கதிதான்.

எஞ்சின் ஷெவர்லே வேகா என்ற சின்னக் காருடையது. ஜெர்மனியிலிருந்து வந்த வோக்ஸ்வேகனும் ஜப்பானியக் கார்களும் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த சமயம். இரண்டு வருஷத்தில் நாங்களும் ஒரு சின்னக் கார் கொண்டுவருகிறோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் 1968-இல் உலகத்துக்கு அறிவித்துவிட்டார். காரை வடிவமைத்தது ஷெவர்லே அல்ல. தலைமை அலுவலகத்து எஞ்சினீயர்கள், கம்பெனித் தலைமையில் இருந்த எட் கோல் என்பவரின் ஆதரவில் வரைந்தார்கள். ஷெவர்லேகாரர்கள் சொந்தமாகப் போட்டு வைத்திருந்த திட்டம் ஒதுக்கப்பட்டது. பிறகு, இந்தா, இதைச் செய்து விற்பது உன் பொறுப்பு என்று அவர்களிடமே கொடுத்தார்கள். முதல் மாதிரி வண்டியைப் பரீட்சை மைதானத்தில் ஓட்டியபோது எட்டு மைலில் முன்பக்கம் உடைந்து கழன்றுவிட்டதாம். டெலோரியன் இதைச் சொல்கிற இடத்தில் நல்ல கதைக்காரராக இருக்கிறார். மாற்றாந்தாய் வீட்டுக்கு வந்த குழந்தையைப் போல அந்தக் கார் ஷெவர்லேக்குள் நுழைந்ததும், அங்கிருந்த எஞ்சினீயர்கள் அதை வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டதும் கண்முன் நிற்கின்றன. தலைமை உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்திருந்த 14-ஆவது மாடி இந்தப் புத்தகத்தில் ஒரு கதாபாத்திரம் என்றே சொல்லலாம். கம்பளமும் நிசப்தமுமாக, வெளியில் இருக்கிற தெருவின் சத்தம் எட்டாத இடம்.

ஆனால் ஒன்று. கார் விற்பனைக்கு வருவதற்கு முன் இதே டெலோரியன்தான் அதைப் பத்திரிகைகளில் ஓகோவென்று புகழ்ந்தார். 1970 செப்டம்பரில் கார் வெளிவந்தது. 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை அதற்கு 1971-ஆம் வருஷத்துச் சிறந்த கார் என்று விருதும் கொடுத்தது. புகழ்ந்த வாயே பிற்பாடு, அந்தக் குழந்தை என்னுடையது இல்லை என்கிறது. இரண்டில் எது பொய் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அந்தந்தச் சமயத்தில் உண்மையாகவே பட்டிருக்கலாம். உத்தியோகம் என்பது அப்படிப்பட்டது.

புத்தகம் எஞ்சினின் பிறப்பைச் சொல்கிற அளவுக்கு அதன் வாழ்வைச் சொல்வதில் மனம் வைக்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகு அது என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு இடங்களில் தேடிப் படித்தேன். படித்தது புரியாமல் போகவே எங்கள் தெருமுனைப் பட்டறை மேஸ்திரியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு மணி நேரத்தில் விளக்கிவிட்டார். எஞ்சினீயரிங் கட்டுரைகள் எழுதுகிறவர்கள் அவரிடம் கொஞ்ச நாள் பழகினால் தேவலை.

சாதாரணமாக எஞ்சின் பிளாக்கை வார்ப்பிரும்பில் வார்ப்பார்கள். கனம். அலுமினியத்தில் வார்த்தால் கனம் குறையும். ஆனால் பிஸ்டனும் அலுமினியம், அது ஓடுகிற சுவரும் அலுமினியம் என்றால் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றிக்கொண்டுவிடும். அதற்காக அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர் போடுவார்கள். வேகாவில் லைனர் கிடையாது. ரெனால்ட்ஸ் உலோகக் கம்பெனி தயாரித்த ஏ-390 என்ற கலவை. அதில் சுமார் 17 சதவிகிதம் சிலிகான். சுவரை மெருகேற்றிவிட்டு, மேலாக இருக்கிற அலுமினியத்தை அரித்து எடுத்துவிட்டால் கடினமான சிலிகான் துகள்கள் தலைதூக்கி நிற்கும். பிஸ்டனும் ரிங்கும் அந்தத் துகள்களின் தலைமேல் ஓடும். துகள்களுக்கு நடுவில் இருக்கிற நுண்ணிய பள்ளத்தில் எண்ணெய் தங்கும். பிஸ்டனுக்கு இரும்பு முலாம். அழகான யோசனை, சந்தேகமே இல்லை. இப்படிச் செய்த பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட்டை வைத்து மூடினார்கள்.

இந்த இடத்தை நான் வாசித்ததும் மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். "கீழே அலுமினியம், மேலே இரும்பா சார்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"சூடு ஏறினா ரெண்டும் ஒரே மாதிரி விரியாதே. கேஸ்கட் தாங்குமா?"

தாங்கவில்லை. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. போதாததற்கு ரேடியேட்டர் சிறிது. தண்ணீரின் அளவும் குறைவு. கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் எஞ்சின் கொதித்துவிடும். பிளாக்கின் மேல்பக்கம் திறந்த அமைப்பு. அதாவது சிலிண்டர்களின் உச்சிக்குச் சுற்றிலும் பிடிமானம் இல்லை. ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் சிலிண்டர் வட்டம் கோணிக்கொள்ளும். ரிங் சுவரோடு ஒட்டாது. சுவர் கீறிப்போகும். கீழே இருக்க வேண்டிய எண்ணெய் மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். பின்னால் நீலப்புகை.

இது ஒரு வியாதி. வேகாவுக்கு இன்னொன்றும் இருந்தது. வால்வுகளின் காம்பில் எண்ணெய் இறங்காமல் தடுக்கிற சிறு சீல்கள் மட்டமானவை. சீக்கிரத்தில் இறுகிப்போய் எண்ணெயைக் கீழே விட்டன. அதற்கும் நீலப்புகைதான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ராத்திரி பூரா நின்ன வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் குப்புனு புகை வந்து, அப்புறம் நின்னுட்டா அது சீல். மேடு ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க விடாம வந்தா ரிங்கு, இல்லேன்னா போரு. சீலுன்னா மேலோட வேலை முடிஞ்சுடும் சார். போருன்னா எஞ்சினை இறக்கணும். வண்டிக்காரருக்கு ரெண்டும் ஒரே புகைதான். செலவு மட்டும் வேற வேற."

எண்ணெய் எரிவதில் இருக்கிற தந்திரம், அது சத்தம் போடுவதில்லை. டயர் வெடித்தால் தெரியும். பிரேக் பிடிக்காவிட்டால் தெரியும். எண்ணெய் மெல்லக் குறைந்துகொண்டே போகும். குச்சியை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவன் ஊற்றிக்கொண்டே ஓட்டுவான். பழக்கம் இல்லாதவனுக்கு ஒரு நாள் பேரிங் பேசும். அப்புறம் எஞ்சின் பேசாது. வேகா வாங்கியவர்களில் அநேகம் பேர் புதுக்கார் என்பதையே முதன்முதலாக வாங்கியவர்களாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். விலை குறைவு என்பதற்காகத்தானே அந்தக் காரைச் செய்தார்கள்?

பிளாக் கெட்டுப்போனால் என்ன செய்வது? இரும்பு பிளாக் என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ரீபோர் செய்து, பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். வேகாவின் சுவரை அப்படிக் கடைந்தால் சிலிகான் துகள்களைத் தலைதூக்க வைக்கிற அந்த அரிப்பு வேலையை மறுபடி செய்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடு சாதாரணப் பட்டறைக்கு எங்கே இருக்கும்? ஆகவே இரண்டே வழி. பிளாக்கோடு எஞ்சினையே மாற்றுவது. அல்லது சிலிண்டரைக் கடைந்து இரும்பு ஸ்லீவ் இறக்குவது. பட்டறைக்காரர்கள் ஸ்லீவ் இறக்கினார்கள். கம்பெனியும் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்த எஞ்சின்களில் ஸ்லீவ் போட்டவற்றைக் கொடுத்தது. எந்த இரும்பு வேண்டாம் என்று இத்தனை பிரயாசைப்பட்டார்களோ அந்த இரும்பு பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. புத்தகத்தில் டெலோரியன் சொல்கிற அத்தனை வாதங்களையும்விட இந்த ஒரு காரியம் பலமான விமரிசனம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அலுமினியக் கலவையின் மேல் பழி போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அதே கலவையில், அதே போல லைனர் இல்லாமல், போர்ஷ் கம்பெனி 1977-இல் 928 என்ற காருக்கு எஞ்சின் செய்தது. மெர்ஸிடஸ் பென்ஸும் செய்தது. அவை நன்றாகவே ஓடின. அவற்றுக்கு அலுமினிய ஹெட். தாராளமான குளிர்ச்சி ஏற்பாடு. விலையும் அதற்கேற்ற விலை. வேகாவில் தவறு எந்த ஒரு உறுப்பிலும் இல்லை. பிளாக்கை ஒருவன் யோசித்தான். ஹெட்டை வேறொருவன் யோசித்தான். ரேடியேட்டரின் அளவை இன்னொருவன் காசு பார்த்துக் குறைத்தான். சீலை ஒருவன் மலிவாக வாங்கினான். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் மன்னிக்கத் தக்கது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது என் எஞ்சின், இது கொதித்தால் என் மானம் போகும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

எட் கோல் அந்த ஆளாக இருந்திருக்கலாம். 1955-இல் வந்த ஷெவர்லேயின் புகழ்பெற்ற வி-8 எஞ்சின் அவர் பொறுப்பில் உருவானது; அதன் வம்சம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அப்படிப்பட்டவர் வேகாவில் எப்படிச் சறுக்கினார்? வி-8 காலத்தில் அவர் ஷெவர்லேயின் தலைமை எஞ்சினீயர். வேகா காலத்தில் 14-ஆவது மாடியில் இருந்தார். இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் புத்தகம் இதற்கு மேல் உதவவில்லை. கோல் 1977-இல் விமான விபத்தில் இறந்துபோனார். புத்தகம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை. குற்றம் சாட்டியவர் சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கிவிட்டார். குமாஸ்தா மட்டும் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. மணிக்கு நூறு கார் என்ற வேகத்தில் வேகாவைப் பூட்டிய அந்த ஒஹையோ மாநிலத் தொழிற்சாலையில் 1972-இல் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் வேண்டுமென்றே காரைக் கெடுத்தார்கள் என்றும் அப்போது சொன்னார்கள். எஞ்சின் அங்கே வார்க்கப்பட்டதல்ல. நியூயார்க் மாநிலத்தில் மஸீனாவில் வார்த்து, டானவாண்டாவில் பூட்டி அனுப்பியது. எண்ணெய் எரிந்ததற்கு லார்ட்ஸ்டவுன் தொழிலாளி என்ன செய்வான்?

1976-ஆம் வருஷத்து வண்டிகளில் எஞ்சினைத் திருத்தினார்கள். நல்ல கேஸ்கட், நல்ல சீல், தண்ணீர் ஓட்டத்தில் மாற்றம். மூன்று கார்களை அறுபது நாளில் ஆளுக்கு 60,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஐந்து வருஷம் அல்லது 60,000 மைல் என்று உத்தரவாதமும் கொடுத்தார்கள். எல்லாம் சரிதான், ஆனால் பெயர் போய்விட்டது. 1977-உடன் வேகா நின்றது. ஏறக்குறைய இருபது லட்சம் கார்கள் அதற்குள் விற்றிருந்தன.

என்னுடைய முக்கியமான குறை இதுதான்: இந்த இருபது லட்சம் பேரில் ஒருவர்கூட ஒரு மனிதராகப் புத்தகத்துக்குள் வந்து உட்காரவில்லை. நல்லவர்கள் பலர் கூடிக் கெட்ட முடிவை எடுப்பது எப்படி என்ற கேள்வியை டெலோரியன் கேட்கிறார். அது பெரிய கேள்வி. அதற்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். ஆனால் முடிவு எடுத்தவர்களின் மனச்சாட்சியோடு அவர் நின்றுவிடுகிறார். முடிவை வாங்கி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனவன் அவர் கண்ணில் படவில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும் முன் பானெட்டைத் திறந்து, குச்சியைத் துடைத்துப் பார்த்து, டப்பாவிலிருந்து எண்ணெய் ஊற்றுகிற ஒரு பெண்பிள்ளையையோ கிழவரையோ நாலு வரியில் காட்டியிருந்தால் 14-ஆவது மாடியின் கம்பளம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. டொயோட்டா கம்பெனியின் காம்ரி கார்களில் 2007 முதல் 2009 வரை வந்த நாலு சிலிண்டர் எஞ்சின்கள் எண்ணெய் குடித்தன. பிறகு பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார்கள். சுபாரு கம்பெனியின் சில எஞ்சின்களுக்கும் இதே புகார். அமெரிக்காவில் 2014-இல் வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசம் ஆயிற்று. உத்தரவாதத்தை எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டினார்கள். பலருக்கு எஞ்சினின் கீழ்ப்பாதியையே, அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்ந்த உருப்படியை, புதிதாக மாற்றினார்கள். நம் பட்டறைகளில் ஹாஃப் எஞ்சின் என்பார்களே, அதுதான்.

அந்த மாற்றம் கிடைப்பதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. எண்ணெயைச் சரியான அளவுக்கு நிரப்பி, மூடிக்கும் குச்சிக்கும் முத்திரை வைத்து அனுப்புவார்கள். 1,200 மைல் ஓட்டிவிட்டு வர வேண்டும். முத்திரை உடைந்திருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பார்கள். டொயோட்டா வைத்த வரம்பு, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்; நம் கணக்கில் சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் இருந்தால் இயல்பு, போய் வாருங்கள். அந்த எஞ்சின் கொள்வதே நாலு, நாலரை குவார்ட். ஐந்தாயிரம் மைலுக்கு ஒரு தரம் எண்ணெய் மாற்றுகிறவன், குச்சியைப் பார்க்காமல் 'இயல்பாக' ஓட்டினால், மாற்றுகிற நாளில் சேம்பரில் என்ன மிஞ்சும் என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடக் கணக்குப் போட்டுவிடுவான்.

'இயல்பு' என்ற வார்த்தையைக் கேட்டு மேஸ்திரி சிரித்தார். "பழைய வண்டி குடிச்சா வயசாச்சுன்னு சொல்லலாம். புது வண்டி குடிச்சா அதுக்கு வேற பேரு வைக்கணுமே சார்" என்றார். அவரைவிட முத்திரை என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. கார் அவனுடையது, எண்ணெய் அவனுடையது, புகாரும் அவனுடையது, ஆனால் தன் காரின் குச்சியைத் தானே எடுத்துப் பார்க்க 1,200 மைல் வரைக்கும் அவனுக்கு உரிமை இல்லை. அவன் திருட்டுத்தனமாக எண்ணெயை வடித்துவிட்டு வந்து நஷ்டஈடு கேட்பானோ என்ற பயம் கம்பெனிக்கு. நியாயமான பயமாகவே இருக்கலாம். எண்ணெய் முழுக்க வடிந்து நடுவழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் என்ற பயம் அவனுக்கு. ஒரு நாவலுக்கு உரிய விஷயம் இது. டெலோரியன் புத்தகத்தில் இல்லாத அந்த மனிதன் இங்கே முத்திரை வைத்த எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறான். அவனை யாராவது எழுத வேண்டும்.

டெலோரியனின் சொந்தக் கார் கம்பெனி 1982-இல் மூழ்கியது. அதே வருஷம் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, 1984-இல் குற்றவாளி அல்ல என்று விடுதலையானார், 2005-இல் காலமானார். இதையெல்லாம் வைத்துப் புத்தகத்தை எடை போடுவது சரியல்ல. சொன்னவரின் யோக்கியதை வேறு, சொன்னதின் யோக்கியதை வேறு. தம்மைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக இருக்கிறார். பிறரைப் பற்றிச் சொல்லும் இடங்களில் கூர்மையாக இருக்கிறார். ரைட்டின் ஆங்கிலம் பத்திரிகை ஆங்கிலம்தான். வேகம் உண்டு, நிறம் கிடையாது.

படிக்க விரும்புகிறவர்கள் வேகா பற்றிய அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு கோர்வேர் காரைப் பற்றியதற்குப் போகலாம். மேல்மாடி உத்தியோகஸ்தர்களின் சூட் நிறம், விமான நிலையத்தில் யார் யாரை வரவேற்கப் போக வேண்டும் என்கிற சம்பிரதாயங்கள் வருகிற பக்கங்கள் வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒரு தடவைக்கு மேல் தாங்காது. என் பிரதி இப்போது மேஸ்திரியின் மகனிடம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். பிளாக்கின் படம் உள்ளே இருக்கிறதா என்று முதலில் கேட்டான்.